பென்சிலில் எழுதிய சீட்டுகள்

என் மேசையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. கோவில்பட்டிக் கடை ஒன்றில் ஒரு காலத்தில் கடலைமிட்டாய் போட்டு வைத்திருந்த பாட்டில். இப்போது அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் எரிசாராயத்தில் மூழ்கிய, சுண்டுவிரல் நகமளவு நண்டு ஒன்றும் வெள்ளைத் தாள்துண்டு ஒன்றும். அந்தத் துண்டுகளில் ஓர் எழுத்துக்கூட இல்லை. இருந்ததை இல்லாமல் ஆக்கியது நான்தான்.

பாட்டில் அக்காவுடையது; கூடப் பிறந்தவள் அல்ல, கூட வேலை பார்த்தவள். என்னைவிட நாலு வயது மூத்தவள். எப்போதும்வென்றான் என்ற ஊரில் மானாவாரி விவசாயம் பார்க்கும் வீட்டுப் பெண். எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் பின்னறையில் இருவரும் ஒப்பந்த வேலையில் இருந்தோம். கடலில்லாத கரிசலில் உட்கார்ந்துகொண்டு பவளப்பாறை ஆராய்ச்சியா என்று சிரிப்பார்கள். நல்ல நுண்ணோக்கி இங்கேதானே இருந்தது. வேம்பார்க் கடலுக்கு அனுமதி வாங்கிப் போய், பவளக் கிளைகளுக்குள் ஒளிந்து வாழும் நண்டுகளை எடுத்து வந்து, எது எந்த இனம் என்று பெயர் காண்பது அவள் வேலை. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது என் வேலை. ஆங்கிலம் வேகமாக வரும் எனக்கு. வேகம் மட்டும்தான் வந்தது என்பது பிறகு தெரிந்தது.

பெயர் காண்பதற்கு யாரும் பணம் தருவதில்லை. இதனால் மருந்து வருமா, மீன் பெருகுமா என்பார்கள். அக்கா ஊர்ப்பேச்சிலேயே பதில் சொல்லுவாள்: "எங்க அண்ணன் என்ன ரகம்னு தெரியாம ஒரு பிடி உளுந்து வாங்கமாட்டான். கடலுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாம அதக் காப்பாத்தப் போறேம்னு சொல்லுதாவ."

அந்த நண்டுகளில் ஒன்று எந்த நூலிலும் அகப்படவில்லை. பின்னங்கால் ரோமங்களை ஒரு மாதம் வரைந்து வரைந்து பார்த்தாள். புதிய இனமாக இருக்கலாம். அதை நிரூபிக்க இன்னும் இரண்டு வருடம் வேண்டும். அவள் ஒப்பந்தமோ முடியப்போகிறது. நிதி கிடைத்தால் வேலை உண்டு, இல்லையென்றால் வீடுதான். நிதிக் குழு நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது.

அது புரட்டாசி. விதைப்புக்காக அக்கா ஊருக்குப் போயிருந்தாள். நான் பாட்டிலைப் பார்த்தேன். குப்பிக்குள் கசங்கிய பென்சில் சீட்டுகள், அவளுடைய கோழிக்கிறுக்கல். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எண், இடம், நாள் எல்லாம் கணினியில் அடித்து, அலுவலக அச்சுப்பொறியில் அழகாக எடுத்து, குப்பிகளில் மாற்றிப் போட்டேன். எந்த எண் எந்தக் குப்பி என்று தனியாகக் குறிக்கத் தோன்றவில்லை. பழைய சீட்டுகளைக் குப்பையில் போட்டேன். அன்றே அறையைக் கூட்டி அள்ளிவிட்டார்கள்.

சாராயத்தில் பென்சில் கரி அழியாது, மை கரைந்துவிடும். அதனால்தான் அவள் பென்சிலைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். ஒரு வருடம் பக்கத்தில் இருந்தும் நான் ஏன் என்று கேட்டதில்லை. எந்தப் பாறையில் எடுத்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் ஒரு நண்டைப் புதிய இனம் என்று நிரூபிக்கவும் முடியாது.

குழு வந்த அன்று காலை ஊரிலிருந்து நேரே வந்தாள், காலில் கரிசல் மண்ணோடு. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சாராயம் லேசான நீலத்தில் இருந்தது. தாள்கள் வெள்ளை.

"பழைய சீட்ட எங்கட்டி?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நுண்ணோக்கியின் உறையை மடித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தப் புது நண்டு எது என்று நமக்குத் தெரியும், எந்தப் பாறை என்பதை மட்டும் உத்தேசமாகச் சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியுமேட்டி," என்றாள். "நான் தப்பா எழுதிட்டுப் போயிட்டா, பின்னால வாறவன் இல்லாத பாறையில முங்கி முங்கித் தேடுவான். பாவம்லா."

குழு கேட்டபோது, இடம் உறுதியில்லை, சீட்டு அழிந்துவிட்டது என்று சொன்னாள். யார் அழித்தார்கள் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை முள்ளாகக் குத்துவது அந்த இரண்டாவது மௌனம்தான்.

பெயர் காணும் திட்டத்துக்கு நிதி வரவில்லை. சிமெண்ட் சட்டங்களில் பவளம் நட்டு வளர்க்கும் திட்டத்துக்கு வந்தது. அந்த விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன், இரண்டே நாளில். அதில் எனக்கு வேலை இருந்தது, அக்காவுக்கு இல்லை. அவள் இப்போது எட்டயபுரத்தில் டியூஷன் எடுக்கிறாள். நாங்கள் நட்ட பவளத்தில் இப்போது நண்டுகள் குடியேறியிருக்கின்றன. அறிக்கையில் 'நண்டுகள்' என்று மட்டும் எழுதுகிறோம். அதற்கு மேல் சொல்ல எங்களில் ஆளில்லை.

மாதம் ஒருமுறை போனில் பேசுவாள். சாராயத்தில் கிடக்கும் நண்டுகளைத்தான் விசாரிப்பாள். "நம்ம குடிகாரப் பயலுவளுக்கு ஊத்துதியாட்டி? வத்தவிட்டுராத." நேற்று கேட்டபோது தாங்காமல், அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொன்னாள். பிறகு, "வெள்ளத்தாள எதுக்கு வச்சிருக்க? தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதிப் போடு. அதுவும் தகவல்தான்," என்றாள்.

இன்று பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பெயர் தெரியாத நண்டின் குப்பியைத் திறந்து வெள்ளைத் தாளை எடுத்தேன். புதிய சீட்டில் எழுதினேன். இனம்: தெரியாது. இடம்: தெரியாது. சீட்டு அழியக் காரணம் என்று ஒரு வரி சேர்த்து என் பெயரைப் போட்டேன். சேகரித்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை அழுத்தி எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.