பயமுறுத்தாத விற்பனை

மகளுக்கு மடிக்கணினி வாங்கப் போன, மலேசியாவின் சிகாமட் நகரக் கடையில்தான் அந்த விற்பனைப் பெண்மணியைச் சந்தித்தேன். நரைத்த குட்டை முடி. பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில், 'இது இல்லையென்றால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்' என்று பெரிய விளம்பரம்.

"முன்னெல்லாம் மெமரி எவ்வளவு, ஸ்கிரீன் எவ்வளவுன்னு போடுவாங்க. இப்ப அம்மா அப்பாவ பயமுறுத்துறாங்க. பாடம் படிக்க இந்த மலிவானதே போதும்லா," என்றார்.

அது கடை முதலாளியின் காதில் விழுந்துவிட்டது. "விளம்பரத்துல உள்ளதச் சொல்லி விக்கச் சொன்னேன்ல?"

"பயமுறுத்தி விக்கமாட்டேன் பாஸ். வேணும்னா வேற ஆளப் பாருங்க."

நான் மலிவானதையே வாங்கினேன். அவருக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

மறுமாதம் மவுஸ் வாங்கப் போனேன். மற்ற விற்பனையாளர்கள் சும்மா நின்றார்கள். பிள்ளைகளோடு வந்த நான்கு குடும்பங்கள் அந்தப் பெண்மணிக்காகக் காத்திருந்தன.