முத்திருளனுக்குத் தெரிந்த மெக்னீசியம்

வாடிப்பட்டி உரக்கடையில் முத்திருளன் எந்த மூட்டையையும் படிக்காமல் எடுத்துக் கொடுக்க மாட்டான். என்ன சரக்கு, எத்தனை சதவீதம், காலாவதி எப்போது என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுத்தான் தோளில் ஏற்றுவான். "கல்யாணப் பத்திரிகைய நீட்டுனாலும் இவன் காலாவதி தேதியத்தான் தேடுவான்" என்று முதலாளி ஜனகராஜ் கேலி செய்வார்.

அந்தப் பழக்கம்தான் அன்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அவனை நிறுத்தி வைத்தது.

அவன் மனைவி ஆர்த்திகாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கி பீரோவில் வைத்திருந்தார்கள். காலையில் திடீரென்று பனிக்குடம் உடைந்து வலி எடுத்துவிட்டது. டாக்டர் காவ்யஸ்ரீ பரிசோதித்துவிட்டு வெளியே வந்து அவனிடம் சொன்னார்: "பிரசவத்த ரொம்ப நேரம் தள்ளிப்போட முடியாது. குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட்டாச்சு. மூளை இன்னும் பிஞ்சா இருக்கு. அதப் பாதுகாக்க ஒரு மருந்து ஏத்தணும். அம்மா உடம்பு வழியா, பிறக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேரணும். கீழ மெடிக்கல்ல வாங்கிட்டு ஓடி வாங்க."

ஓடினான். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளாகக் கொடுத்தார்கள். திரும்பிப் படியேறும்போதே கண் தானாக எழுத்தைத் தேடியது. மெக்னீசியம் சல்பேட்.

கால் நின்றுவிட்டது.

போன வாரம்தான் மொக்கையன் அண்ணனின் வாழைத்தோட்டத்துக்கு அதே பெயரில் ஒரு மூட்டை ஏற்றிவிட்டிருந்தான். இலை மஞ்சளடித்தால் போடுவது. மெடிக்கல்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று இறங்கிப் போய்க் கேட்டான். அவர் சீட்டைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். மறுபடி படியேறினான். பாதியிலேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, மெக்னீசியம் சல்பேட்ட ரத்தத்துல ஏத்தலாமா?"

"எந்தப் பயிருக்கு மாப்ள?"

"பயிருக்கு இல்லண்ணே, ஆர்த்திகாவுக்கு."

"அடேய், பத்தாவதத் தாண்டாதவன்கிட்ட கேக்குற கேள்வியாடா இது? அங்க டாக்டர் இருக்காங்கல்ல, கேளு."

மருந்து வரவில்லையே என்று நர்ஸ் சுபலட்சுமி படியிறங்கி வந்தார். "ஆர்த்திகா வீட்டுக்காரர்தான நீங்க? இங்க நின்னு போன் பேசிட்டு இருக்கீங்க?"

"சிஸ்டர், இது உரம்."

"என்னது?"

"எங்க கடையில மூட்டையில விக்கிறோம்."

சிரிக்கவா திட்டவா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "அண்ணே, குளுக்கோஸ் பாட்டில்ல உப்பு இருக்கு. அதுக்காக சமையக்கட்டு உப்பக் கரைச்சா ஏத்துறோம்? இது ரத்தத்துக்குன்னு சுத்தமா தயாரிச்சது. கொடுங்க."

அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் விரல் பிரியவில்லை. குப்பிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அவருக்குப் பின்னால் ஏறினான். பிரசவ வார்டு வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"இத ஏத்துனா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

"ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். குறைமாசப் பிள்ளைக்குப் பின்னால கை கால் விறைச்சு நடக்க முடியாமப் போற ஆபத்த இந்த மருந்து குறைக்கும்."

"எம்புட்டுக் குறைக்கும்?"

"நிறையப் பேருக்குப் போட்டா அதுல சில பிள்ளைங்க தப்பிக்கும். எந்தப் பிள்ளைன்னு எங்களுக்கும் தெரியாது."

முத்திருளனுக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைக்கு வந்து "இது கேக்குமா?" என்று சந்தேகப்படுகிறவர்களிடம் அவன் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்: "ஒரு பாத்திய மட்டும் போடாம விட்டு வச்சுப் பாருங்கண்ணே. ரெண்டு பாத்தியும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒங்களுக்குச் சொல்லிரும்." இங்கே விட்டுவைக்க இன்னொரு பாத்தி எங்கே? இருப்பது ஒரே ஆர்த்திகா. அவளுக்குள் ஒரே பிள்ளை.

உள்ளே அவள் முனகுவது கேட்டது. கையை விரித்தான். சுபலட்சுமி குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவனை உள்ளே கூப்பிட்டார்கள். ஆர்த்திகாவின் முகம் சிவந்து வேர்த்திருந்தது. சுபலட்சுமி ஒரு சின்னச் சுத்தியலால் அவள் முழங்காலில் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து அளவு மீறவில்லை என்பதற்கு அது அடையாளமாம்.

"அடுப்புக்குள்ள படுத்த மாதிரி எரியுது. என்னத்த ஏத்துறாங்க?" என்றாள் ஆர்த்திகா.

"அப்படித்தான் எரியும். போகப் போகக் குறையும்" என்றார் சுபலட்சுமி.

ஆர்த்திகா அவனைப் பார்த்தாள். "சத்து மருந்து" என்றான் முத்திருளன். பொய் சொன்னோமா உண்மை சொன்னோமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஒரு கிலோவும் கொஞ்சமும். படியில் நிற்காமல் மருந்தை முன்னாலேயே கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டான். "போன வரைக்கும் நல்லது. அத நினைச்சுக் குழம்பாதீங்க" என்றார். குழம்பாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

குழந்தை வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வீடு வந்தது. இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம், "நல்லாத்தான் வாரா, இன்னும் பாக்கணும்" என்கிறார்கள்.

நேற்று மொக்கையன் மறுபடி கடைக்கு வந்தார். "ஏப்பா, இந்த மெக்னீசியம் போட்டா நிச்சயம் பச்சை திரும்புமா?" என்று கேட்டார். ஒரு வரிசையை விட்டுவைத்துப் பாருங்கள் என்ற பேச்சு முத்திருளனின் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. "எல்லாத்துக்கும் போட்டுருங்கண்ணே" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கட்டில் காலைப் பிடித்து எழப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாதம் ஊன்றியது. இன்னொன்று வழுக்கியது. வழுக்குவது தரையினாலா, காலினாலா? அவன் குனிந்து, மூச்சுவிடாமல் பார்த்தான்.

"பெத்த பிள்ளைய எதுக்கு உர மூட்டையப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றாள் ஆர்த்திகா.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் மறுபடி எழ முயலும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான்.