யார்கூட சாப்ட்ட?

என் மகளைக் காஞ்சிபுரத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்த மறு வாரமே, படப்பையில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. “புள்ள தெனமும் அழுதாமே?” என்று மாவு மில்லில் கேட்டார்கள். ஆமாம், அழுதாள். விடுதியில் செல்போன் கூடாதாம். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிற கம்பெனி லைனில் நாளெல்லாம் நிற்கிறவள் நான். என் மகளோ காயின் போனுக்கு வரிசையில் நின்று, “அம்மா, வூட்டுக்கே வந்துடறேம்மா” என்று சொல்லி அழுவாள். அதற்குள் காசு தீர்ந்துவிடும்.

அடுத்த தெருவில் இருந்த என் நாத்தனாருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. “இன்னாத்துக்கு அண்ணி புள்ளய அழவுட்டுகினு கீற? ஒங் கம்பெனிலயே ஆள் எடுக்கறாங்கோ. ப்ளஸ் டூ போதும். கம்பெனி பஸ்ஸு தெருமொனைக்கே வருது, ஏறி குந்துனா ஆச்சி.”

அந்த பஸ்ஸில் தினமும் ஏறி உட்காருகிறவள் நான்தான். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தச் சம்பளத்தில்தான். என் மகள் அதில் ஏறுவதானால் ஆசைப்பட்டு ஏறட்டும். படிப்புக்குப் பயந்து ஓடிவந்து ஏறக் கூடாது. இதைச் சொன்னால் எனக்குத் திமிர் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தாம்பரம் ரோட்டில் லாரிக்காரனிடம் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவார், மகள் அழுதால் அப்படியே கரைந்துவிடுவார். போனை வாங்கினால் “சாப்ட்டியாம்மா?” என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. நாத்தனாரும் அதையேதான் கேட்பாள். ஊரே அதைத்தான் கேட்டது. நான் ஒருநாள் வேறு மாதிரி கேட்டேன்.

“யார்கூட சாப்ட்ட?”

“யார்கூடயும் இல்ல. தட்ட ரூமுக்கு எடுத்தாந்து துன்னுடுவேன்.”

அவள் அழுதபோதெல்லாம் வராத பயம் எனக்கு அப்போது வந்தது. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. தெற்கத்திப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தால், பக்கத்தில் நிற்கிறவள்தான் அவளைச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு இழுத்துப் போக வேண்டும். சூப்பர்வைசர் சொல்லி வந்ததல்ல, நாங்களாக வைத்துக்கொண்டது. புதுப் பெண் தனியாகச் சாப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தான் திட்டு விழும். ஏனென்றால் தனியாகச் சாப்பிடுகிற பெண் நிலைக்க மாட்டாள், பெட்டியைக் கட்டிவிடுவாள். அதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். படித்தவர்கள் நடத்துகிற இடமாயிற்றே, அங்கேயும் யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள் என்று நான் நம்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மீன் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முதல் மாதம் பெற்றோர் வரக் கூடாது, வந்தால் பிள்ளைகள் விடுதியில் ஒட்ட மாட்டார்கள் என்று வார்டனம்மா கேட்டிலேயே மறித்தார்.

“கேட்டுக்கு உள்ள உங்க ரூலு மேடம். வெளிய ரோடு. ரோட்டுல நான் குந்தினா உங்களுக்கு இன்னா?”

எதிரில் ஒரு டீக்கடை. ஞாயிறு மதியம் விடுதிப் பெண்கள் அதுவரை வந்து போகலாம். கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளிருந்து என்னைப் பார்த்துவிட்டு மகள் ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். பாத்திரத்தைத் திறக்கப் போனவளின் கையைப் பிடித்தேன்.

“நாலு பேருக்கு எடுத்தாந்துகீறேன். யாரயாவது இட்டுனு வா.”

“எனக்கு யாரயும் தெரியாதும்மா. என்ன இட்டுனு போயிடும்மா.”

“தெரியலன்னா போய் தெரிஞ்சிகினு வா. தனியா வந்தா சோறு கெடையாது.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெற்றவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. உள்ளே போனவள் திரும்ப வரவே இல்லை. கடைசி பஸ்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சோற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாலாஜாபாத் தாண்டும்வரை அழுதேன். அழுகை வருகிறது என்பதற்காகச் செய்தது தப்பாகிவிடாது.

வீட்டில் அவர் கத்தினார். “பெத்தவளாடி நீ? வர்ற ஞாயித்துக்கெழம நானே வண்டி எடுத்துகினு போறேன். பொட்டியோட இட்டுனு வந்துடுவேன்.” நாத்தனார் தெருவில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். நான் ஒன்றுதான் சொன்னேன். “அன்னிக்கும் அவ வாயால வரேன்னு சொன்னா இட்டுனு வா. நீயா பொட்டிய தூக்காத.”

அடுத்த ஞாயிறு ஆட்டோவிலேயே போனோம். மறுபடி நாலு பேருக்குத்தான் சமைத்திருந்தேன். கேட்டைத் தாண்டி மகள் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பின்னால் ஒல்லியாக இன்னொரு பெண்.

“நான் சங்கரன்கோவில் பக்கம்மா” என்றாள் அந்தப் பெண். கொஞ்சமும் கூச்சம் இல்லை. “போன வாரம் இவ படிக்கட்டுல உக்காந்து உங்கள ஏசிக்கிட்டு இருந்தா. நானும் எங்கம்மாவ ஏசிக்கிட்டுதான் இருந்தேன். ஏசி ஏசியே சேக்காளி ஆயிட்டோம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நல்லா திட்டுங்கடி. துன்னுட்டு தெம்பா திட்டுங்க.”

இரண்டு பேரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். மகள் குழம்பைக்கூட அப்பாவிடம்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கை கழுவும்வரை பொறுத்திருந்த அவர், “பொட்டி எங்கம்மா? ஏத்திடலாமா?” என்றார்.

அவள் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் வந்துட்டா இவ யார்கூடப்பா இருப்பா?”