இடது முன் சக்கரம்

அவள் புறங்கை காரின் முதல் சக்கரத்தைத் தொட்டது. ஆறியிருந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. நான்காவதில், அதாவது இடது முன் சக்கரத்தில் பட்டதும் கை வெடுக்கென்று விலகியது.

"இதுக்கு இதே பொழைப்பாப் போச்சு."

கை திரும்பி வந்து முதல் சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. சூடான சக்கரத்தில் கறை நீக்கும் மருந்தை அடித்தால் அடித்த இடத்திலேயே காய்ந்து வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்த முதல் மாதம், யாரோ ஒருவரின் புது வண்டியைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து, எது சுடுகிறதோ அது கடைசி.

கார் கழுவும் கொட்டகையில் அவளை எல்லோரும் வீலக்கா என்பார்கள். அதற்கு முன் ஒன்பது வருஷம் பெரிய சமையற்கூடம் ஒன்றில் அடிப்பிடித்த அண்டாக்களோடு மல்லுக்கட்டியவள். கறையை ஊறவிட வேண்டும், சுரண்டக் கூடாது என்ற பொறுமை அங்கே வந்தது. மனிதர்களிடம் மட்டும் அது அவளுக்கு வரவே இல்லை.

டாக்டரம்மா வீட்டு டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னாலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்காரர். ஒரே வண்டி, ஒரே சக்கரம், இது நாலாவது வாரம்.

"கோவிச்சுக்காதே தங்கச்சி. நீ தேய்ச்சுக் குடுக்கறது ரெண்டு நாள் தாங்க மாட்டேங்குது."

"நீங்க பிரேக் மேலயே குடித்தனம் நடத்தினா எப்பிடிண்ணே தாங்கும்?"

"விளையாடாதம்மா. நான் வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் சுத்தறேன்னு டாக்டரம்மா நெனைக்கறாங்க. நாலு மணிக்கு அவங்களே இங்க வர்றாங்க. இனியும் வீலு கறுத்துச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டாங்க. இந்த வயசுல எனக்கு யாரு வண்டி குடுப்பா?"

 அவள் சக்கர ஆணிகளின் இடுக்குகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் குடைந்தாள். மருந்து பட்ட இடத்தில், பிரேக் தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள் ஊதா நிறமாகக் கரைந்து வழிந்தது. டிரைவர் விடுவதாக இல்லை.

"நீயே சொல்லு. நான் பிரேக்கை மிதிச்சா நாலுக்குந்தானே பிடிக்கும்? என் காலு அது ஒண்ணோட மட்டும் சண்டையா போடுது?"

பிரஷ் நின்றது.

அவள் எழுந்து வலது முன் சக்கரத்தில் மறுபடி புறங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. இடதில் வைத்தாள். இன்னும் சுட்டது. நாலு வாரமாக இதே கை இதைத் தொட்டுத் தொட்டு, சுடுகிறது என்று ஒதுக்கிவைத்து, ஆறினபின் தேய்த்து அனுப்பியிருக்கிறது. ஏன் சுடுகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. டிரைவரைத் திட்டியதோடு சரி. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையெல்லாம் மருந்து.

"இந்தாங்க! கொஞ்சம் வாங்க இங்க!" என்று எதிர்ப்பட்டறையைப் பார்த்துக் கத்தினாள்.

அங்கே பிரேக் வேலை பார்ப்பவர் அவள் கணவர். துணியில் கை துடைத்தபடி நிதானமாக வந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அரைச்சுற்றுகூட ஓடவில்லை, உராய்ந்து நின்றுவிட்டது.

"பிரேக் கட்டை நகர்ற கம்பி, அந்தப் பின்னு, துருப்பிடிச்சு இறுகிடுச்சு. கால எடுத்தாலும் பிரேக் விடல. உரசி உரசித்தான் இவ்வளவு தூளும்," என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "நாலு வாரமா ராத்திரிச் சாப்பாட்டுல டிரைவரைத் திட்டினியே, வீல் கொதிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேன். நீங்க செல்லுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு 'ம்' கொட்டினீங்க."

"அது வேற எதுக்கோ கொட்டினது."

டிரைவர் நடுவில் புகுந்தார். "உங்க பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்குங்க. மணி ரெண்டரை!"

கணவர் பின்னை மாற்றி கிரீஸ் தடவிக்கொண்டிருக்கும்போது, கழற்றிய சக்கரம் அவள் மடிக்கு வந்தது. ஆறியிருந்தது. வெளிப்பக்கம் மட்டுமல்ல, மாட்டியிருக்கையில் கை போகாத உள்வளையத்தையும் இரண்டு முறை ஊறவிட்டுக் கழுவினாள். வெந்து இறுகியிருந்த புள்ளிகளைக் கறை எடுக்கும் களிமண் கட்டியால் நீவி எடுத்தாள். பிறகு பாலிஷ், அதன்மேல் மெழுகு. சக்கரத்தை மாட்டி ஆணியை முறுக்கி முடித்தபோது டாக்டரம்மா வாசலில் நின்றிருந்தார்.

"இன்னிக்குப் பளபளன்னுதான் இருக்கு. எப்பவும் இப்படித்தானே இருக்கும். நாளன்னிக்கு மறுபடி கறுத்துடுமே?"

"ஏறி உக்காருங்க. ஒரு சுத்து போய்ட்டு வந்து பேசுவோம்," என்றாள் வீலக்கா.

கால் மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. டாக்டரம்மா இடது முன் சக்கரத்தருகே குனிந்து கையை நீட்டினார்.

"உள்ளங்கை இல்லம்மா, புறங்கை. வலதையும் தொடுங்க."

இரண்டிலும் ஒரே இளஞ்சூடு. கணவர் பழைய பின்னைக் காட்டி நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா டிரைவரைப் பார்த்தார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

டிரைவர் வாயைத் திறக்குமுன் வீலக்கா முந்திக்கொண்டாள். "அவருக்கு எப்பிடித் தெரியும்? வாராவாரம் அது சுடறதத் தொட்டுப் பாத்தவ நான். நான்தான் சொல்லியிருக்கணும்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டிரைவரிடமிருந்து சாவியை வாங்கி, "இனி வண்டி யார்கிட்டன்னு நீங்களே சொல்லுங்க," என்று டாக்டரம்மாவிடம் நீட்டினாள். டாக்டரம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"அவர்கிட்டயே குடுங்க," என்றபடி பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "காலைல எட்டரைக்கு வண்டி வேணும், டிரைவர்."

வீலக்கா சாவியை டிரைவரின் கையில் வைத்தாள்.