நாலாவது பிரதி

கட்டுகஸ்தோட்டை மர்சூக் கணக்கெடுப்பாளராக இருந்த ஏழு வருடமும் குழப்பத்திலேயே கழிந்தது. உணவு அலுவலகம் ஒரு வீட்டில் எத்தனை வாய் என்று கேட்கும். கூட்டுறவுச் சங்கக்கடைத் தலைமையகம் எத்தனை அரிசிக் கூப்பன் என்று கேட்கும். விவசாயக் கந்தோர் எத்தனை மரக்கறிப் பாத்தி என்று கேட்கும். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை சைக்கிள் மிதித்து, மூன்று படிவம் நிரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாத எண்களைக் கொடுத்து, மூன்று இடத்திலும் ஏச்சு வாங்குவார்.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து அரிசி தட்டுப்பட்ட பிறகுதான் பெரியவர்களுக்கு ஞானம் பிறந்தது. மூன்று அலுவலகமும் ஒரே வாரத்தில் கைகோத்தன. இனி ஒரே படிவம், இடையிடையே கார்பன் தாள். "ஒரே தடவை கேளுங்கள், ஒரே எண்ணை எழுதுங்கள்" என்றார் கொழும்பு அதிகாரி. மர்சூக்குக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அலுவலகம் மூன்று, பிரதி நாலு. நாலாவது பிரதி, வட்டாரப் பாதுகாப்புக் குழுவுக்காம். கலவரத்தன்று தமிழர் வீடுகளைத் தேடிக் கையில் பட்டியலோடு வந்தவர்களில் ஒருவன் இப்போது அந்தக் குழுவில் இருந்தான். அவனுக்கு எதற்கு இந்த எண்கள்? மர்சூக்குக்கு விளங்கவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு மதியம் ஹுஸைன் வீட்டுக்குப் போனார். பெருநாள் கழிந்து, விரும்பியவர்கள் இன்னும் ஆறு நாள் நோன்பு பிடிக்கும் மாதம். தன் வீட்டில் ஆறு பேரும் நோன்பு என்று ஹுஸைன் பள்ளிவாசலில் பெருமையாகச் சொல்லியிருந்தார். மர்சூக்கும் நோன்புதான், வெறும் வயிற்றுக்காரனுக்கு மூக்கு கூர்மை. சைக்கிளைப் பின்புறம் சாத்தும்போதே சோறு கொதிக்கும் வாசம் வந்தது. குசினி வாசல் வழியாக, கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய பானை அடுப்பில் இருந்தது தெரிந்தது.

ஹுஸைனின் மனைவி றமீஸா தூரத்துச் சொந்தம், அக்கா முறை. "நோன்பு ஊட்டுல பகலைக்கு என்ன ராத்தா இவ்வளவு சோறு?" என்று கேட்டுவிட்டார். வாய் முந்திக்கொண்டது.

றமீஸாவின் முகம் வெளுத்தது. "மேல பரண்ல ஒம்பது பேர் ஈக்கிறாங்க தம்பி. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆக்கள். அதுல நல்லம்மா எண்டவளுக்கு பால் வத்திப் போச்சி. புள்ள அழுதா வாயப் பொத்துறா. எங்கட அரிசி வெள்ளியோட முடிஞ்சிடும். இனி நீங்க எழுதுறத எழுதுங்க."

ஆறு என்று எழுதினால் ஒன்பது பேர் பட்டினி. பதினைந்து என்று எழுதினால் நாலாவது பிரதி அவர்களைக் காட்டிக்கொடுக்கும். பழைய படிவங்களாக இருந்தால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று எழுதித் தப்பியிருக்கலாம். அந்தக் குளறுபடிக்காக அவர் மனம் ஏங்கியது. இதில் எது சரி, எது பிழை? கடைசிக் கார்பன் தாளை உருவிச் சட்டைப்பையில் போட்டார். மேலே பதினைந்து எழுதினார். நாலாவது தாளைத் தனியே எடுத்து ஆறு என்று எழுதினார். எழுத்து கோணலாகப் போனது.

அடுத்த வாரம் கண்டியில் கூட்டம். நாலு பிரதிகளையும் ஒப்பிட்ட பிறகுதான் பிரித்து அனுப்புவார்களாம். அதை யாரும் முன்பே சொல்லவில்லை.

"நாலாவது பிரதியில் எண் மாறியிருக்கிறது" என்றார் பிரதிகளை ஒப்பிட்ட பிரதம லிகிதர் ஏக்கநாயக்க, எல்லாரும் மரியாதையாக மாத்தயா என்பவர், சிங்களத்தில்.

வேலை போனாலும் பரவாயில்லை, ஹுஸைன் வீட்டுக்கு ஆள் போகக் கூடாது. பிழை என்னுடையது என்று சொல்லிவிடலாம் என மர்சூக் எழுந்தார்.

"முப்பத்தொரு வீட்டில்" என்று முடித்தார் மாத்தயா.

மர்சூக் பாதியில் உட்கார்ந்தார். அவர் மாற்றியது ஒரே வீடு. மற்ற முப்பதும்? நாவலப்பிட்டி வரையுள்ள கணக்கெடுப்பாளர்கள் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள், பாதிக்கு மேல் சிங்களவர். ஒருவர் நகத்தைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார்.

"கார்பன் தாள் மட்டமானது போலிருக்கிறது" என்றார் மாத்தயா. எதையும் திருத்தச் சொல்லாமல், நாலாவது பிரதிகளைத் தனியாகக் கட்டி, பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பும் பெட்டியில் போட்டார். "போய்த் தேத்தண்ணி குடியுங்கள்."

கார்பன் தாள் பதினைந்தை ஆறாக்குமா? மனிதருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, எல்லாம் புரிந்துதான் சொன்னாரா? மர்சூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விறாந்தையில் எல்லாரும் தேத்தண்ணிக்கு வரிசையில் நின்றார்கள். முப்பத்தொரு வீட்டிலும் ஒளிந்திருப்பவர்கள் வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் நூற்றைம்பதுக்கு மேல் உயிர். அதை நினைத்ததும் மர்சூக் எல்லாருக்கும் முன்னால் அழுதுவிட்டார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.