ரோஜாச் செடியில் கட்டிய சீட்டுகள்

அப்பா எனக்குக் கொடுத்த கெடு இரண்டு வருஷம். அதற்குள் பூச்செடி ஆராய்ச்சியில் எம்.எஸ்ஸி. முடிக்க வேண்டும்; இல்லையென்றால் தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். "பூவுக்கெல்லாம் நீ கல்யாணம் பண்ணி வெக்கிறியாமே, உனக்கு எப்போடி?" என்று பக்கத்து வீட்டு அத்தை பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

கல்யாணம்தான். ரோஜா மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் வேறொரு ரோஜாவின் மகரந்தத்தைத் தடவி, காகித உறை மாட்டி, எதற்கு எது ஜோடி என்று எழுதிய சீட்டைக் காம்பில் கட்டுவேன். காய் பிடித்துப் பழுத்து, அதன் விதை முளைத்தால்தான் ஆய்வேடு. கல்லூரித் தோட்டக்காரரை எல்லோரும் மாலி என்றுதான் கூப்பிடுவார்கள்; எங்கள் பக்கத்துத் தமிழர். அவரிடம் நூறு தடவை சொல்லியிருந்தேன்: "அண்ணா, சீட்டுதான் என் உசுரு. ஒண்ணுகூடத் தொலையக் கூடாது." காயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? மகா புத்திசாலி, சொல்லவில்லை.

நான்கு நாள் ஜுரத்தில் படுத்துவிட்டுப் போனால், செடிகளெல்லாம் முடிவெட்டிக்கொண்ட மாதிரி நின்றன. ஒரு காய் இல்லை.

"காயை விட்டா செடியோட சத்தெல்லாம் அது குடிச்சிடும் பாப்பா. சாஃபா கட் பண்ணி எருக்குழியில போட்டுட்டேன். சீட்டு மட்டும் பத்திரம்!" என்று மாலி சீட்டுக் கட்டைப் பெருமையாக நீட்டினார்.

ரோஜா வளர்க்கிற யாரும் செய்கிற காரியம்தான். பிஞ்சுக் காய்கள், தேடி எடுத்தும் பிரயோஜனமில்லை. ஐயோ, எனக்கு வந்த ஆத்திரம்! பெரியவர் என்றுகூடப் பார்க்காமல் வாடா போடா என்று கத்திவிட்டு, பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பா வைத்த கெடுவையும் அழுகையோடு சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் மாலி, செடி வெட்டும் கத்தரிக்கோலை இடுப்பில் செருகியபடியே எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"தப்பு என்னுது சார். பாப்பா மேல ஒண்ணுமில்ல. அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்துடாதீங்க" என்று சீட்டுக் கட்டை அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா ரயில்வே ஆபீஸில் ரிக்கார்டு பார்க்கிறவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். தேதி, தாய்ச் செடி, தகப்பன் செடி, என் கையெழுத்து. ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. நான் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்குக்கூட இப்படி எழுத வராது" என்றார் அப்பா. கட்டை மறுபடி நூலால் சுற்றி அலமாரியில் வைத்தார். "சரி, இன்னும் ஒரு வருஷம்."

மாலி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் அப்பா. "அந்தக் கத்தரிக்கோலை இங்க வெச்சிட்டுப் போங்க."