ஐந்தாவது தூது

ஒன்பது வயதில், ஒரே காலைப் பொழுதில், நான் நான்கு ஆண்களாக வேடம் கட்டினேன். மீசை மட்டும் ஒன்றுதான். அம்மா அதை அடுப்புக்கரியால் ஒரு தடவை வரைந்துவிட்டு, நாலு பேருக்கும் இது காணும் என்று சொல்லிவிட்டார். தலைப்பாகைகள்தான் நாலு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குருநகரில் எங்கள் தெரு முழுவதும் ஷெல்லுக்குப் பயந்து எழும்பி, அச்சுவேலிக்குப் பக்கத்தில் ஒரு பனங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தது. கடலுக்குப் போகத் தடை. வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், மீன் இல்லாத மீன்பிடிகாரராக நாங்கள் இருந்தோம். ஆனாலும் வேதக்கோயில் திருநாள் வந்தால் கூத்துப் போடாமல் எங்கள் ஆட்களால் இருக்க முடியாது. இந்த வருடம் யோபுவின் கூத்து என்று, எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அறிவித்தார்.

"ஒருத்தரும் கதையைப் பாடமாக்கத் தேவையில்லை. எல்லாருக்கும் நடந்ததுதானே" என்றார்.

யோபு வேதாகமத்தில் வரும் ஒரு நல்ல மனிதன். ஆடு, மாடு, ஒட்டகம், பிள்ளைகள் என்று நிறைவாக வாழ்ந்தவன். இவனிடம் உள்ளதையெல்லாம் எடுத்துப் பாரும், உம்மைத் திட்டுவான் என்று சாத்தான் கடவுளிடம் பந்தயம் பிடிக்கிறான். பிறகு தூதர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து, அது போனது, இது போனது என்று யோபுவிடம் சொல்கிறார்கள். கடைசியில் அவன் உடம்பெல்லாம் புண்ணாகிறது. அவன் திட்டினானா இல்லையா என்பதுதான் கூத்து.

தெருவிலேயே நல்ல குரல் அப்பாவுடையது. ஆகவே அவர் யோபு. சாத்தான் வேடத்துக்கு ஒருவரும் முன்வரவில்லை. சண்டைக் காலத்தில் அந்த வேடத்தைப் போட எல்லோருக்கும் பயம். அப்போது பின்னாலிருந்து மாமா கையை உயர்த்தினார்.

மாமா அம்மாவின் தமையன். மாமி முன்னமே காலமாகிவிட்டதால் எங்களோடுதான் இருந்தார். அவருடைய ஒரே மகன், எனக்கு மச்சான், இரண்டு வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அன்றிலிருந்து மாமா கோயில் வாசலை மிதிப்பதில்லை. சுவாமியார் வந்தால் பின்பக்கத்தால் போய்விடுவார்.

"எனக்கும் அவருக்கும் கதை பேச்சில்லை" என்றார் மாமா, மேலே விரலைக் காட்டி. "எனக்கு உந்த வேசம்தான் பொருந்தும்."

"உப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை" என்று அம்மா அழுதார். அண்ணாவியார் அழவில்லை. குரலும் உயரமும் சரியாக இருக்கின்றன என்று உடனே எழுதிக்கொண்டார்.

தூதர்களாக நாலு பொடியன்கள் பழகினார்கள். திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில் ஒருவனின் குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. மற்ற மூவருக்கும் ஒன்றாகக் கொப்பளிப்பான் போட்டது. உடம்பெல்லாம் கொப்பளத்தோடு படுத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "யோபுவுக்கு ஆள் தேவையெண்டாலும் பரவாயில்லை" என்று அண்ணாவியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் எழும்பி, நாலு பாட்டும் எனக்குத் தெரியும் என்றேன். தெரியும்தான். ஒத்திகை ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை.

"பொம்பிளைப் பிள்ளையோ?" என்று இழுத்தார் அண்ணாவியார்.

"கெட்ட செய்தி கொண்டு வாறது ஆம்பிளையெண்டால் என்ன, பொம்பிளையெண்டால் என்ன?" என்றார் மாமா. "செய்தி ஒண்டுதானே."

அந்த ஐந்து நாளும் என் கால் நிலத்தில் படவில்லை. கிணற்றடிக்கு ஓடினாலும், சங்கக்கடைக்கு ஓடினாலும் தூதன் ஓடுவது போலவே ஓடினேன். "அம்மா, அழிந்தோமே, தேங்காயெண்ணெய் இல்லையாமே!" என்று பாடி அறிவித்து, குட்டு வாங்கினேன்.

பெரியவர்களுக்கும் அதே வெறிதான். நிவாரண எண்ணெய்த் தகரத்தை வெட்டி யோபுவுக்கு முடி செய்தார்கள். அப்பா தலையைக் குனிந்தால் அதன் உட்புறத்தில் இங்கிலிஷ் எழுத்துகள் தெரிந்தன. சாத்தானுக்குக் கிடாய்க் கொம்பு, கயிற்று வால், சட்டிக்கரியில் எண்ணெய் குழைத்த கறுப்பு. யோபுவின் புண்களுக்கு பீற்றூட் சாறும் பனங்கட்டிப் பாகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒத்திகையில் பூசிப் பார்த்தபோது எறும்புகள் வந்து அப்பாவைத் துள்ள வைத்தன. "அப்பிடியே துள்ளு, நல்லாயிருக்கு" என்றார் அண்ணாவியார்.

ஒத்திகைகளில் அண்ணாவியாருக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு தூது முடிவிலும் சாத்தான் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். மூன்று சிரிப்பை மாமா கொட்டில் அதிரச் சிரிப்பார். நாலாவது தூது, யோபுவின் பிள்ளைகள் எல்லோரும் மாண்டார்கள் என்ற செய்தி, வரும்போது மட்டும் சிரிப்பு மெலிந்துவிடும். "சத்தம் காணாது, சத்தம் காணாது" என்று அண்ணாவியார் தாளத்தைத் தட்டிக் கத்துவார். மாமா தலையாட்டுவார். அடுத்த நாளும் சத்தம் காணாது.

அப்பாவின் கவலை வேறு. குருநகர்க் கரையில் எங்கள் வள்ளத்தைக் கவிழ்த்து, கிடுகு போட்டு மூடிவிட்டு வந்திருந்தார். மரவள்ளம் காய்ந்தால் பலகை வெடிக்கும். அதற்காக வாரத்தில் ஒரு நாள் சைக்கிளில் போய், ஈரச்சாக்குப் போட்டுவிட்டு வருவார். வள்ளம் கிடக்கும்வரைக்கும் ஊர் கிடக்கும் என்பது அவர் கணக்கு.

விடிய விடிய ஆடும் கூத்து அந்த வருடம் பகலில் நடந்தது. மண்ணெண்ணெய் இல்லை, வெளிச்சம் தெரியவும் கூடாது. பத்து மணிக்குப் பனைகளுக்கு நடுவே மத்தளம் முழங்கியது. எங்கள் ஆட்கள் மணலில் நெருக்கியடித்து இருந்தார்கள். தோட்டக்காரரும் வெங்காயக் கடகங்களை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்றார்கள். எங்கள் வள்ளத்துப் பாய்தான் திரை. அதற்குப் பின்னால் அம்மா நாலு துணிகளோடு காத்திருந்தார்.

முதல் தலைப்பாகை சிவப்பு. நான் பாய்க்கு வெளியே பாய்ந்தேன்.

*ஐயா பெருமானே, அழிந்தோமே அழிந்தோமே!*
*ஏர்பூட்டும் எருதெல்லாம் எதிரி கொண்டு போனானே!*
*தப்பிவந்தேன் நானொருவன் தகவல் சொல்ல வந்தேனே!*

சனம் ஆரவாரித்தது. அப்பா நெஞ்சில் கை வைத்தார். மாமா வாலைச் சுழற்றிச் சிரித்த சிரிப்பில் முன்னுக்கிருந்த குழந்தை ஒன்று வீரிட்டது. நான் உள்ளே ஓடி, தலைப்பாகையை மாற்றிக்கொண்டு திரும்ப வந்தேன். வானத்திலிருந்து நெருப்பு விழுந்து ஆடுகளை எரித்தது என்று பாடியபோது, அவ்வளவு சனமும் ஒன்றாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. ஒன்றுமில்லை என்றதும் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்தது. மூன்றாவது ஒட்டகங்கள். எனக்கு மூச்சு வாங்கியது. உலகத்தில் இதைவிடச் சந்தோஷமான வேலை இருக்குமா என்று நினைத்தேன்.

நாலாவது தலைப்பாகையை அம்மா பாதி சுற்றியபோது, பாய்க்குப் பின்னால் ஒரு சைக்கிள் வந்து விழுந்தது. கரையிலேயே தங்கிவிட்ட எங்கள் தெருக்காரர் ஒருவர். வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

"அக்கா, உங்கடை வள்ளம்... விடியப்புறம் ஷெல் விழுந்து எரிஞ்சு போச்சு. ஒண்டும் மிச்சமில்லை."

அம்மாவின் கை என் தலையில் நின்றது. "கூத்து முடியட்டும் தம்பி. இப்ப சொல்லாதேங்கோ" என்றார்.

மத்தளம் என்னைக் கூப்பிட்டது. பாதி கட்டிய தலைப்பாகையோடு ஓடினேன். சொல்லாதேங்கோ என்று அம்மா சொன்னது அவருக்குத்தான், எனக்கு அல்ல என்று ஓடும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் தூதன். என்னிடம் நாலு செய்தி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஐந்து இருந்தது. ஐந்தாவது வேறு ஒருவருக்கும் தெரியாத புத்தம்புதுச் செய்தி. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

விருந்து உண்ட வீடு காற்றில் இடிந்து விழுந்தது, பிள்ளைகள் எல்லோரும் மாண்டார்கள் என்று நாலாவது தூதை முறையாகப் பாடி முடித்தேன். பிறகு பாட்டாக வராததால், அப்படியே கத்தினேன்.

"அப்பா, எங்கடை வள்ளமும் எரிஞ்சு போச்சு!"

தோட்டக்காரர் சிலர் கைதட்டினார்கள். எங்கள் தெருப் பெண்களிடமிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் எழும்பியது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்ற சைக்கிள்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்தார்.

இந்த இடத்தில் யோபு பாட வேண்டும். கூத்தின் உயிரே அந்தப் பாட்டுத்தான். அண்ணாவியார் தாளம் தட்டினார். "தந்தவரும்..." என்று முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மத்தளம் அதே அடியை இரண்டாம் தரம் வாசித்தது, மூன்றாம் தரம் வாசித்தது. அப்பாவின் தகர முடி சரிந்து காதில் தொங்கியது. அவர் அதை நேராக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் சிரிக்க வேண்டிய நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. கொம்பும் வாலுமாகக் களரியின் நடுவுக்கு வந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாடினார்.

*தந்தவரும் நீரல்லோ...*

கூத்து மெட்டில் அல்ல. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டின் மெட்டில், அந்தக் கரகரத்த பெரிய தொண்டையால்.

சனம் முதலில் சிரித்தது. சாத்தான் கடவுளைத் துதித்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஆனால் அம்பாவுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவன் எடுத்துக் கொடுத்தால் வலை பிடித்தவன் பதில் சொல்லாமல் இருக்க மாட்டான். மணலில் இருந்த ஒரு கிழவர் தன்னை அறியாமல் "ஏலேலோ" என்றார்.

*கொண்டவரும் நீரல்லோ...*

"ஏலேலோ!" இந்த முறை எங்கள் தெரு முழுவதும். எழும்பி நின்றுவிட்டார்கள். மத்தளக்காரரும் மெட்டை மாற்றிக்கொண்டார். கடலைக் கண்டு எத்தனையோ மாதமான அந்தக் கைகள் இல்லாத வலையை இழுத்தன.

*வெறுங்கையாய் வந்தேனே...*

அந்த வரியில் அப்பாவின் குரல் வந்து சேர்ந்தது. முதலில் இருமல்போல வந்து, பிறகு தெளிந்து, மாமாவின் குரலுக்கு மேலே ஏறியது. *வெறுங்கையாய்ப் போவேனே, வாழ்க உமது திருநாமம்.* நான் தூதன் என்பதை மறந்து, நடுக்களரியில் நின்று துள்ளித் துள்ளி "ஏலேலோ" போட்டேன். மீசை வியர்வையில் கரைந்து வாய்க்குள் போனது. மாமாவின் முகத்துக் கரியும் இரண்டு கோடாகக் கரைந்து இறங்கியது. அவருக்கும் வியர்வை என்றுதான் நினைத்தேன்.

கூத்து முடிந்ததும் அண்ணாவியார் என் காதைப் பிடித்தார். "எழுத்திலை நாலு தூதுதான் கிடக்கு. ஐஞ்சாவதை ஆரடி எழுதினது?" தண்டனையாக அன்று பின்னேரம் நான் முழந்தாளில் நின்று ஒரு செபமாலை சொல்ல வேண்டும் என்றார். அம்மா என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

கிணற்றடியில் மாமா கரி கழுவினார். நான் வாளியில் தண்ணீர் ஊற்றினேன்.

"மாமா, நீங்கள் அப்பாவின்ரை பாட்டைப் பாடிப்போட்டியள். சாத்தான் அப்பிடிப் பாடக்கூடாது."

"ஓம் பிள்ளை. பிழைச்சுப் போச்சு."

"ஏன் பாடினனீங்கள்?"

மாமா முகத்தில் தண்ணீரை அடித்தார். "ரெண்டு வருசமாத் தொண்டைக்குள்ளை நிண்டது. வாயிலை வந்திட்டுது. என்ன செய்யிறது?"

பாட்டுப் பாடமாக இருந்தால் அப்படித்தான் தவறி வரும், எனக்கும் வந்திருக்கிறது என்று அவரைத் தேற்றினேன்.

அடுத்த நாள் அப்பாவும் மாமாவும் ஒரே சைக்கிளில் கரைக்குப் போய், இருட்டுமுன் திரும்பி வந்தார்கள். பின் கரியரில் கரியேறிய நங்கூரம் மட்டும் கட்டியிருந்தது. அப்பா அதைக் கொட்டில் வாசலில் இறக்கி வைத்தார். "நங்கூரம் தப்பிட்டுது. இனி அதுக்கொரு வள்ளம்தான் வேணும்" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். மூன்று வருடங்கள் அப்பா தோட்டங்களில் வெங்காயம் கிண்டினார். அதற்குப் பிறகுதான் அந்த நங்கூரத்துக்கு வள்ளம் கிடைத்தது.

அந்த ஞாயிறு, கிடுகால் வேய்ந்த எங்கள் கொட்டில் கோயிலுக்கு மாமா வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பின்வரிசையில் மணலில் முழந்தாளிட்டார். அம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. பூசை முடிந்தது, சனம் கலைந்தது, சுவாமியாரும் மெழுகுதிரியை அணைத்துவிட்டுப் போனார். மாமா எழும்பவில்லை. நான் வாசலில் நின்று ஒரு செபமாலை நேரம் காத்திருந்தேன், பிறகு இன்னும் ஒன்று. எனக்கு அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. ஒரு தூதைக் கூட்டிச் சொன்ன எனக்கே ஒரு செபமாலை என்றால், சாத்தானாக நின்றுகொண்டு யோபுவின் பாட்டைப் பாடிய மாமாவுக்கு அண்ணாவியார் எத்தனை போட்டிருப்பார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன்.